லுக்காவில் ஓடுவது எங்கே: மதில் மேலா, மலைப்பக்கமா?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம், ஞாயிறு முதல் சனி வரை, இத்தாலியின் லுக்கா நகரில் மதிலுக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கப்போகிறோம். டிசம்பரில் எனக்கு முதல் அரை மாரத்தான். வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். நீண்ட ஓட்டம் 14 கிலோமீட்டரைத் தொட்டிருக்கிறது. எல்லாமே சமதளச் சாலையில் ஓடியவைதான். படங்களில் பார்த்தால் ஊரைச் சுற்றி மலையாகத் தெரிகிறது. பயிற்சி கெடாமல் எங்கெங்கே ஓடலாம்? இறக்கத்தில் ஓடினால் முழங்கால் போய்விடும் என்கிறார்களே, மலைப்பக்கம் தலைவைக்காமல் இருப்பதே நல்லதா?

பதில்: மலைக்குப் போங்கள். ஆனால் ஒரே ஒரு நாள், அதுவும் செவ்வாய்க்கிழமை. ஏன் செவ்வாய் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஊர்த் தேர்வில் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. லுக்கா இருக்கும் டஸ்கனி பகுதியில் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள் என்றால் சியெனா, சான் ஜிமிஞ்ஞானோ, வொல்தெர்ரா, கொர்தோனா என்று எல்லாம் குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். வாசலைத் தாண்டியதும் சரிவு தொடங்கிவிடும். களைத்துத் திரும்பும்போது கடைசிக் கிலோமீட்டர் முழுக்க ஏற்றம். லுக்கா அப்படியில்லை. செர்க்கியோ ஆற்றின் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 20 மீட்டர்கூட உயராத தரையில் இருக்கிறது. தெற்கே மோந்தே பிசானோ, வடக்கே பிட்சோர்னே மேட்டுநிலம், அதற்கும் அப்பால் வடமேற்கில் அபுவான் மலைகள் என்று எல்லாம் சற்றுத் தள்ளியே நிற்கின்றன. மேடு எப்போது, எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் மதில். சுற்றளவு 4.2 கிலோமீட்டர், உயரம் சுமார் 12 மீட்டர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கட்டி முடித்தார்கள். பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டும் என்பதற்காக உள்ளே மண்ணை நிரப்பி, அடிப்பகுதியில் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம் வரும்படி எழுப்பிய மதில் இது. அதனால்தான் மேலே சாலை போடும் அளவுக்கு இடம் கிடைத்தது. இதற்கு முந்தைய இடைக்கால மதில்களின் மேல் பெரும்பாலும் ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தான் முடியும். இத்தனை பாடுபட்டுக் கட்டியும் எந்த எதிரியும் வந்து முற்றுகையிடவில்லை. 1812இல் செர்க்கியோ பெருக்கெடுத்தபோது வாசல்களை அடைத்து வெள்ளத்தைத் தடுத்தார்கள். மதில் செய்த பெரிய காவல் வேலை அதுதான். பிறகு 19ஆம் நூற்றாண்டில் மேற்பரப்பை மரம் நட்டு உலாவும் பாதையாக்கினார்கள். இன்று தார் போட்ட, நிழலுள்ள, கார் வராத வட்டம் ஓடுபவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த வட்டத்தில் ஒரு ஆபத்து உண்டு: அது மிகவும் வசதியானது. வாரம் முழுக்க அங்கேயே சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. மதிலை மெதுவோட்டத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். திங்கள் காலை ஒரு சுற்று, மனமிருந்தால் இரண்டு. பயணக் களைப்பு இருப்பதால் கடிகாரத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். மீண்டும் வியாழன் காலை இதே போல, எதிர்த்திசையில். துருத்திக்கொண்டிருக்கும் கொத்தளங்களின் வெளி விளிம்பையெல்லாம் ஒட்டி ஓடினால் தூரம் கூடும், 4.2 என்பது நடுப்பாதையின் கணக்கு. கொத்தளப் புல்வெளிகளின் ஓரத்தில் கைப்பிடிச் சுவரை எதிர்பார்க்காதீர்கள். 12 மீட்டர் பள்ளம் அது. இருட்டில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நேரம் முக்கியம். செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். ஏழரைக்குள் மேலே ஏறிவிட்டால் உள்ளூர்க்காரர்களும் அவர்கள் நாய்களும்தான் துணை. பத்து மணிக்கு மேல் வாடகை சைக்கிள்களும், குடும்பமே உட்கார்ந்து மிதிக்கும் நான்கு சக்கர வண்டிகளும் வந்துவிடும். வடக்கு வாசலான போர்த்தா சாந்தா மரியா பக்கம்தான் நெரிசல் அதிகம், சைக்கிள் வாடகைக் கடைகள் அங்கே இருப்பதால். தாமதமாக எழுந்த நாளில் மதிலுக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள புல்வெளிப் பாதையில் ஓடுங்கள். கீழிருந்து பார்த்தால்தான் மதிலின் பருமனும் புரியும்.

இப்போது செவ்வாய். தெற்கு வாசலான போர்த்தா சான் பியெத்ரோ வழியாக வெளியேறினால் எதிரே ரயில் நிலையம். அதன் பின்புறம் ஒரு சிறு வட்டக் கோயில் போல ஒரு கட்டடம் நிற்கும். கோயில் இல்லை, தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து மோந்தே பிசானோவின் அடிவாரத்தில் இருக்கும் குவாமோ வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், நானூற்றுக்கும் அதிகமான வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம் நேர்கோடாகப் போகிறது. லொரென்ட்சோ நொத்தோலினி என்ற கட்டடக் கலைஞர் 19ஆம் நூற்றாண்டில், மலையின் ஊற்று நீரை ஊருக்குள் கொண்டுவர எழுப்பியது. ஓடுபவர்களுக்கு இதில் ஒரு லாபம். நீர் தானாக வழிந்து வர வேண்டுமென்றால் சரிவு மிக மெதுவாகத்தான் இருக்க முடியும். அதனால் வளைவுகளை ஒட்டிய மண்பாதையும் ஏறக்குறைய சமதளம். நடுவில் அதிவேக நெடுஞ்சாலை பாலத்தை அறுத்துக்கொண்டு போகிறது. அங்கே நடைமேம்பாலத்தில் ஏறிக் கடக்க வேண்டும். அவ்வளவுதான் தடங்கல். வழி கேட்க வேண்டியதில்லை, வளைவுகளைப் பின்தொடர்ந்தால் போதும்.

குவாமோவிலும் அதே போன்ற ஒரு தொட்டிக் கட்டடம். அதைத் தாண்டியதும் காட்சி சட்டென மாறும்: காடு, கல்லில் செதுக்கிய வாய்க்கால்கள், சலசலக்கும் ஓடை, கூடவே மேடு. உங்கள் மலைப்பயிற்சி இங்கே தொடங்குகிறது. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை அந்தத் தொட்டியருகிலேயே விட்டுவிடுங்கள். பத்து சதவீத ஏற்றத்தில் அதே தூரத்தைக் கடக்க, சமதளத்தில் ஆவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகும். சமதள வேகத்தைப் பிடித்துத் தொங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் மூச்சு முட்டி நின்றுவிடுவீர்கள். மூச்சின் அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஏறுங்கள். ஓட முடியாத இடத்தில் நடங்கள். மலையோட்டப் பந்தயக்காரர்களே செங்குத்தான இடத்தில் நடப்பவர்கள்தான். இருபது நிமிடம் ஆனதும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மோந்தே பிசானோவின் உச்சியான மோந்தே செர்ரா 917 மீட்டர். அந்த ஆசையெல்லாம் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

அன்றைய மொத்தம் பத்து கிலோமீட்டரை ஒட்டி வரும். பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதும்போது, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மலையோட்டத்தில் புழங்கும் கணக்கு அது, உழைப்பை ஓரளவு நியாயமாகக் காட்டும்.

நீங்கள் பயப்படும் இறக்கத்துக்கு வருவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுலபம் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். புதன்கிழமை படிக்கட்டு இறங்கும்போது தொடை முனகினால் பயப்படாதீர்கள், அது எதிர்பார்த்ததே. புதனை ஓய்வு நாளாக வைத்ததும், நீண்ட ஓட்டத்தை வெள்ளிக்குத் தள்ளியதும் அதனால்தான். ஒரு முறை இந்த வலியைப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை நோகாமல் செய்யும். ஒரு நாளாவது மலைக்குப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். முழங்கால் சிப்பியைச் சுற்றிக் குத்துவது போன்ற வலி, வீக்கம், ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, இவை வேறு கதை. அப்படியென்றால் அந்த வாரம் மீதி ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இறங்கும் முறை எளிது. அடியைச் சுருக்கி, வேகமாக எடுத்து வையுங்கள். உடலைப் பின்னால் சாய்த்துக் குதிகாலால் பிரேக் போட்டால் முழு அதிர்ச்சியும் முழங்காலுக்குப் போகும். பார்வை பாதத்தில் இல்லாமல் நான்கைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். முதல் தடவை என்பதால், ஏறும்போது ஓடி இறங்கும்போது நடந்தால்கூட எந்த நஷ்டமும் இல்லை. ஏற்றத்தின் பலன் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது.

செவ்வாய் என்று அடித்துச் சொன்னதற்குக் காரணம் வேட்டை. இத்தாலியில் பொதுவான வேட்டைப் பருவம் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு தொடங்கி ஜனவரி இறுதி வரை. டஸ்கனிக் காடுகளில் காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கியோடு கூட்டமாகவே இறங்குவார்கள். செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்குச் சட்டத் தடை உள்ள நாட்கள். மற்ற நாட்களில் காட்டுக்குள் போவதென்றால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போடுங்கள். சாம்பலும் பழுப்பும் அறையிலேயே இருக்கட்டும்.

செவ்வாயன்று மழை பெய்தால் குவாமோவுக்கு மேலே போக வேண்டாம். ஈர இலையும் கல்லும் சேர்ந்தால் சாலைக் காலணி வழுக்கும். அதற்குப் பதில் வடமேற்கே, மோந்தே சான் குவிரிகோவில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி பியேவே சாந்தோ ஸ்தேஃபானோ பக்கம் ஏறும் தார்ச்சாலை இருக்கிறது. ஒலிவ மரங்களும் பழைய மாளிகைகளுமாக அழகான வழி. ஆனால் சாலை குறுகல், நடைபாதை கிடையாது, இரு பக்கமும் கல்சுவர் நெருக்கும். இத்தாலியில் வண்டிகள் வலப்பக்கம் போகும். நடைபாதை இல்லாத ஊர்ப்புறச் சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி இடப்பக்கம் ஓட வேண்டும். பார்வை மறையும் வளைவுகளில் மட்டும், முன்னதாகவே இருபுறமும் பார்த்து எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். காதில் இசை வேண்டாம்.

வெள்ளிக்கிழமை 15 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு செர்க்கியோ ஆற்றங்கரைதான் இடம். மதிலிலிருந்து வடமேற்கே நடக்கும் தொலைவுதான் கரை. அங்கே ஆற்றுப் பூங்காவின் மண்பாதைகள் இருக்கின்றன. ஆறு போகும் திசையில் ஏழரை கிலோமீட்டர், அதே வழியில் திரும்பிவர ஏழரை. காலுக்கு மெத்தென்று இருக்கும், மேடு கிடையாது. நிழல் சில இடங்களில் இல்லாததால் சீக்கிரம் கிளம்புங்கள். கரையில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மதிலுக்குள் இருக்கும் பொதுக் குழாய்களில் பிடித்துக்கொண்டு போங்கள். மலையூற்று நீருக்குப் பேர்போன ஊர் என்பதால் உள்ளூர்க்காரர்களே பாட்டிலோடு அவற்றில் வந்து நிற்பார்கள்.

ரோமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையான வியா ஃபிராஞ்சிஜெனாவும் லுக்கா வழியாகத்தான் போகிறது. அதில் அல்தோபாஷோ வரை 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு ரயிலில் திரும்பலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். பெயர் கவர்ச்சியானது, ஆனால் அந்தப் பகுதி பெரும்பாலும் புறநகரும் வண்டிச் சாலையும்தான். நடந்தே ரோம் போகிறவருக்கு அது தவிர்க்க முடியாத ஒரு நாள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து ஊர்களில் போட்டியில்லாத மக்கள் ஓட்டம் நடந்தால் தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். நேரம் குறித்துத் தரவரிசை போடும் போட்டி என்றால், இத்தாலியில் மருத்துவச் சான்றிதழ் கேட்கக்கூடும், வெளிநாட்டவருக்கு என்ன விதி என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்த் திடீரென்று பெயர் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பயணத் தேதியை அக்டோபர் கடைசிக்கு மாற்ற நேர்ந்தால், அப்போது லுக்காவில் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவின் தேதியைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள். அந்த நாட்களில் மதில் மேல் ஓட இடம் கிடைக்காது.