உங்கள் சாட்சியில் அம்மா எங்கே?

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. அப்பா லாரி ஓட்டினார்; விபத்தில் போய்விட்டார். கந்துவட்டிக் கடனால் டிப்ளமோவைப் பாதியில் விட்டு, உப்பளத்தில் மூட்டை சுமந்தேன். செத்துவிடலாம் என்றிருந்த நாட்களில் ஒரு நண்பன் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனான். சென்ற வருடம் ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. என் சாட்சியை, அதாவது நான் விசுவாசத்துக்கு வந்த கதையை, புத்தகமாக எழுதி வருகிறேன்; இதுவரை எழுதியதை இணைத்திருக்கிறேன். தன்வரலாறாக எழுதுவதா, நாவலாகவா? பதிப்பாளர் கிடைப்பாரா?

எம்., தூத்துக்குடி

அன்புள்ள எம்.,

அனுப்பியதை முழுதும் படித்தேன். காலில் வெடிப்பு விட்டு அதில் உப்பு ஏறும் பகுதியை, பட்டவனைத் தவிர யாராலும் எழுத முடியாது. அந்த நண்பன் நன்றாக இருக்கட்டும். நீங்கள் உயிரோடு இருப்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். மதம் மாறியது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது, எனக்கும் அதில் தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. தன்வரலாறா நாவலா என்பதெல்லாம் எழுதி முடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தம்பி, அத்தனை பக்கத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. ‘அம்மா என்னோடு பேசுவதில்லை.’ அடுத்த பத்தியிலேயே பாஸ்டர் வந்துவிடுகிறார்.

இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. கன்வென்ஷன் பந்தல்களில் நான் நிறையச் சாட்சி கேட்டிருக்கிறேன். ஒருவர் மேடையேறி, தான் குடித்ததையும் பெண்டாட்டியை அடித்ததையும் சொல்லி அழுதார். பந்தலே அல்லேலூயா போட்டது. அடிவாங்கிய அக்கா பெண்கள் பக்கம் பாயில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவர் பட்ட அடி இவருடைய சாட்சியாகிவிட்டது!

மராத்தியில் நாராயண் வாமன் திலக் என்று ஒரு கவிஞர். சுதந்திரப் போராட்டத் திலகர் அல்ல, இவர் வேறு. 1861இல் கொங்கணத்தில் பிறந்த சித்பாவன பிராமணர். சின்ன வயதில் தாயை இழந்தார், அப்பாவோடு ஒத்துப்போகாமல் வீட்டைவிட்டு வெளியேறினார், எந்த வேலையிலும் நிலைக்காமல் ஊர் ஊராக அலைந்தார். ஒருமுறை ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் புதிய ஏற்பாட்டைக் கையில் கொடுத்து, இரண்டு வருடத்தில் நீ கிறிஸ்தவனாகிவிடுவாய் என்றாராம். அதிலிருக்கும் இயேசுவின் மலைப்பிரசங்கம் திலக்கைப் பிடித்துக்கொண்டது. 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம். உங்கள் கதை மாதிரியே இருக்கிறதா? இருக்கும். இதுவரைக்கும் எல்லாருடைய கதையும் ஒரே மாதிரிதான்.

வித்தியாசம் எங்கே என்றால், அவருடைய மனைவி லக்ஷ்மிபாய் எழுதினார். பள்ளிக்கூடம் போகாத பெண். சிறுமியாக இருந்தபோதே கல்யாணம் செய்துகொடுக்கப்பட்டவர். புருஷன் மதம் மாறிய பிறகு, தத்து என்ற சின்ன மகனோடு சொந்தக்காரர்கள் வீட்டில் காலம் தள்ளினார். செத்தவன் மனைவி என்றால் அழுது தீர்த்துவிடலாம். புருஷன் உயிரோடு இருக்கிறான், ஆனால் ஜாதியில் இல்லை என்றால் அந்தப் பெண் யார்? சில வருடங்கள் கழித்து அவரிடம் திரும்பிப் போனபோதும் தன் ஆசாரத்தை உடனே விட்டுவிடவில்லை. தானாக யோசித்து, ஜாதி மனிதன் உண்டாக்கியது என்ற முடிவுக்கு வந்தார். 1900இல்தான் ஞானஸ்நானம் எடுத்தார்.

‘ஸ்மிருதிசித்ரே’ என்ற தன்வரலாற்றில் இதையெல்லாம் அவர் எழுதியிருக்கும் விதத்தைப் படித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. புருஷனைப் புனிதராக்கவில்லை. அவருடைய முன்கோபம், வீட்டுச் செலவு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடும் குணம் எல்லாம் வருகிறது. பல இடங்களில் சிரிப்பு தாங்காது. இயேசுவின் வாழ்க்கையைப் பாடி, திலக் பாதியில் விட்டுப்போன ‘கிறிஸ்தாயனம்’ காவியத்தை எழுதி முடித்ததும் அவர்தான். திலக்கை நான் மதிப்பதே அந்த அம்மாள் எழுதியதைப் படித்ததால்தான். ரயில் கதையை மட்டும் கேட்டிருந்தால் அது இன்னொரு பந்தல் சாட்சி, அவ்வளவுதான்.

உங்கள் அம்மா எழுதப்போவதில்லை. அதனால் நீங்கள்தான் கேட்டு எழுதவேண்டும். ஞானஸ்நானத்தன்று வீட்டில் உலை வைத்தாரா? சொந்தக்காரர்கள் கேட்டபோது என்ன சொல்லிச் சமாளித்தார்? உங்கள் அப்பா படத்துக்கு இப்போது யார் விளக்கேற்றுகிறார்கள்? அப்புறம் அந்தக் கடன். முதல் பாதி முழுக்கத் துரத்திய கடன், நீங்கள் தண்ணீரில் மூழ்கி எழுந்தபிறகு ஒரு இடத்திலும் வரவில்லை. ஞானஸ்நானச் செய்தி கேட்டு வட்டியைத் தள்ளுபடி செய்கிற கந்துவட்டிக்காரனை நான் பார்த்ததில்லை. யார் கட்டினார்கள்? அம்மாவின் கழுத்தில் இருந்தது இப்போது இருக்கிறதா?

அம்மா பேசமாட்டார் என்று சொல்லாதீர்கள். அவர் பேசாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், தெரியாமல் இருக்காது. அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள். பதிப்பாளரிடம் அதற்குப் பிறகு நானே பேசுகிறேன்.