கவிழ்ந்தாலும் நிமிரும் படகு

கேள்வி: அமெரிக்காவுல அஸ்டோரியாங்கற ஊர் மியூசியத்துல கோஸ்ட் கார்டு மீட்புப் படகு ஒண்ணு அலை மேல செங்குத்தா ஏறுற மாதிரி நிக்கிற போட்டோ பாத்தேன். நிஜமாவே அப்படி போவாங்களா? கவிழ்ந்துடாதா? இதையெல்லாம் எங்க கத்துக்கறாங்க?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நிஜமாவே அப்படித்தான் போவாங்க மேடம். நீங்க பாத்தது ஒரிகான் மாநிலத்துல இருக்கற கொலம்பியா ரிவர் மேரிடைம் மியூசியம், படகு 44 அடி நீளம். கொலம்பியா ஆறு பசிபிக்ல கலக்குற இடம் அங்க பக்கத்துலதான். பெரிய ஆறு, வேகமான தண்ணி, முகத்துவாரத்துல மணல் திட்டு, எதிர்ல கடலோட அலை. அதுவும் கடல் தண்ணி உள்வாங்குற நேரம்னா ஆறும் கடலும் நேருக்கு நேர் முட்டி அலை அப்படியே சுவர் மாதிரி எழும்பி உடையும். 1792லேருந்து சுமார் 2000 கப்பலும் படகும் அந்தப் பக்கம் மூழ்கியிருக்கு, பசிபிக்கோட கல்லறைன்னே பேரு வச்சிட்டாங்க.

கவிழும், ஆனா தானா நிமிர்ந்துடும். மேல் கேபின் தண்ணி புகாம அடைச்சு உள்ள காத்து நிக்கும், என்ஜின் மாதிரி கனமான சாமானெல்லாம் அடியில இருக்கும், அதனால தலைகீழா நிக்க முடியாம படகு புரண்டு வந்துடும். வெளிய மேல்தளத்துல நிக்கறவங்க பெல்ட் போட்டு தங்களை படகோட கட்டிக்கிட்டு அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கணும்.

அப்படியும் உயிர் போயிருக்கு. 1961 ஜனவரியில மெர்மெய்டுன்னு ஒரு மீன்பிடிப் படகு சுக்கான் போய் தத்தளிச்சப்ப அதைக் காப்பாத்த மூணு மீட்புப் படகு போச்சு. ட்ரையம்ப்ங்கற 52 அடி படகு கவிழ்ந்து அதுல இருந்த 6 பேர்ல 5 பேர் போயிட்டாங்க, மெர்மெய்டுல இருந்த ரெண்டு பேரும் தப்பல. 40 அடி படகும் கவிழ்ந்துச்சு, அதுல இருந்தவங்கள 36 அடி படகுக்காரங்க தூக்கிப் போட்டுக்கிட்டு, சேதமான படகோட கரைக்குத் திரும்ப வழியில்லாம வெளிக்கடல்ல நங்கூரம் போட்டு கலங்கரை விளக்கம் மாதிரி வழி காட்டிக்கிட்டு நின்ன கொலம்பியா விளக்குக் கப்பலுக்குப் போய் ஏறி பொழச்சாங்க. அவங்க வந்த படகு அப்புறம் மூழ்கிடுச்சு. அந்த விளக்குக் கப்பல் 1979ல ஓய்வு பெற்று இந்த மியூசியத்துக்கே வந்துச்சு, அதனாலதான் எனக்கு இது வெறும் பழைய சாமான் வச்சிருக்கற இடமா தோணல, அங்க போனா அந்த ராத்திரி கதையை கேட்டுட்டுதான் வரணும்.

எங்க கத்துக்கறாங்கன்னா, எதிர்க்கரையில வாஷிங்டன் மாநிலத்து கேப் டிஸப்பாயின்ட்மென்ட்ல இதுக்குன்னே கோஸ்ட் கார்டு ஸ்கூல் இருக்கு. இப்போ 47 அடி அலுமினியப் படகு, 4 பேர் குழு. பயிற்சியே அந்த முகத்துவாரத்து அலையிலதான், மத்தவங்க துறைமுகத்துக்குள்ள ஒதுங்குற குளிர்காலத்துல கூட இவங்க வெளிய போய் பழகுவாங்க.