சாணி உருட்டுற வண்டு எப்படி சாமி ஆச்சு? – அக்காவைக் கேளுங்க

கேள்வி: அக்கா, பழைய எகிப்துல சாணி வண்டு உருவத்தை தாயத்தா கட்டிக்கிட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க, கிளாஸே உவ்வேன்னு சிரிச்சுது. நிஜமாவா? எதுக்கு? (6-ம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

பதில்: நிஜம்தான் கண்ணு. ஆனா சிரிக்கறதுக்கு முன்னாடி அந்த வண்டு என்ன பண்ணுதுன்னு பாரு. சாணியைப் பிச்சு எடுத்து, தட்டித் தட்டி உருண்டை பிடிக்கும், அப்புறம் முன்னங்காலைத் தரையில ஊனி தலைகீழா நின்னுக்கிட்டு, பின்னங்காலால தன்னைவிடப் பெரிய அந்த உருண்டையை பின்னாடியே தள்ளிட்டுப் போயி மண்ணுக்குள்ள புதைச்சிடும். பெறகு ஒருநாள் அந்த மண்ணுலேர்ந்து பளபளன்னு புது வண்டு வெளிய வரும்.

நைல் நதிக்கரையில ஆடு மாடு வச்சிருந்த ஜனங்க இதை தினமும் பாத்தவங்க. வானத்துலயும் ஒரு உருண்டை கிழக்கே கிளம்பி, சாயங்காலம் மேற்கே பூமிக்குள்ள போயி, மறுநாள் காலையில புதுசா வருது இல்லையா, அப்ப அதையும் ஒரு வண்டுதான் உருட்டுதுன்னு நினைச்சாங்க! அந்த சாமி பேரு கெப்ரி, காலைச் சூரியன். மனுஷ உடம்பு, முகம் இருக்க வேண்டிய இடத்துல முழுசா ஒரு வண்டு. ராணி நெஃபர்தாரி கல்லறைச் சுவர்ல கெப்ரி உக்காந்திருக்கற படம் 3,200 வருஷம் கழிச்சும் கலரோட இருக்கு. அதனால வண்டு தாயத்துன்னா திரும்பப் பிறக்கறது, சூரியன் மாதிரி மறுபடி எழுந்திருக்கறதுன்னு அர்த்தம். எனக்கு இது அசிங்கமாவே தோணல, எவ்ளோ உன்னிப்பா கவனிச்சிருக்காங்கன்னுதான் தோணுது.

கேள்வி: ராஜாக்கள் மட்டும்தான் போட்டுக்கிட்டாங்களா? (5-ம் வகுப்பு மாணவன், நாமக்கல்)

பதில்: இல்லப்பா, சாதாரண ஜனங்களும்தான். நிறைய தாயத்து மாக்கல்லுல செஞ்சது, அது மெத்துன்னு இருக்கும், ஈசியா செதுக்கலாம், மேல பச்சை இல்ல நீலப் பூச்சு பூசி சூளையில சுட்டா கெட்டியாயிடும். சைஸ் உன் கட்டைவிரல் நகம் அளவுதான். மேல வண்டு முதுகு, அடிப்பக்கம் தட்டையா இருக்கும், அதுல பேரோ சாமி உருவமோ செதுக்கியிருப்பாங்க. நீளவாக்குல ஒரு ஓட்டை, அதுல நூல் கோர்த்து கழுத்துல போடலாம், மோதிரத்துலயும் மாட்டலாம். ஆபீசருங்க அதையே முத்திரையாவும் வச்சுக்கிட்டாங்க, களிமண்ல அழுத்தி பெட்டியையும் கதவையும் சீல் வைக்கறதுக்கு.

மூணாம் அமென்ஹோடெப்னு ஒரு ராஜா இன்னும் ஒரு படி மேல போயி, தன்னோட சேதியையே பெரிய வண்டுக் கல்லுல பொறிச்சு ஊர் ஊரா அனுப்பினாரு. ஆட்சிக்கு வந்த முதல் 10 வருஷத்துல 102 சிங்கம் வேட்டையாடினேன்னு ஒண்ணுல இருக்கு.

கேள்வி: மம்மி நெஞ்சு மேல ஏன் வண்டு வச்சாங்க? பயமா இருக்கு அக்கா. (7-ம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

பதில்: பயப்படாதடா, அது காப்பாத்தறதுக்குத்தான். செத்தவங்களோட இதயத்தை அனுபிஸ் சாமி ஒரு தராசுல வைப்பாரு, இன்னொரு தட்டுல மாஅத் தேவியோட ஒரே ஒரு இறகு. மாஅத்னா உண்மை, நியாயம் எல்லாத்துக்குமான தேவி. தப்பு பண்ணின இதயம் கனமா இருந்தா, முதலைத் தலையும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்பக்கமும் இருக்கற அம்மித்ங்கற மிருகம் பக்கத்துலயே காத்துக்கிட்டு இருக்கும், கப்புனு முழுங்கிடும், அதோட அந்த ஆளுக்கு மறுவாழ்வு கிடையாது.

அவங்க நம்பிக்கைப்படி நினைக்கறது, ஞாபகம் வச்சிருக்கறது எல்லாமே இதயம்தான், அதனால மம்மி செய்யறப்ப மூளையை எடுத்துப் போட்டுட்டாலும் இதயத்தை உள்ளேயே விட்டுடுவாங்க. ஆனா எல்லாம் தெரிஞ்ச அந்த இதயமே அங்க போயி போட்டுக்குடுத்துட்டா? அதுக்குத்தான் உள்ளங்கை அளவுல ஒரு பெரிய வண்டு, பெரும்பாலும் பச்சைக் கல்லுல. அடியில வரிவரியா மந்திரம் இருக்கும், என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிரா சாட்சி சொல்லாதேன்னு கெஞ்சற மாதிரி. அந்த வரியைப் படிச்சா எனக்கு மனசு கஷ்டமாயிடும், அவங்களும் நம்மளை மாதிரியே பயந்திருக்காங்க.

எகிப்து ராஜா துட்டன்காமுன் கல்லறையை 1922-ல ஹோவர்ட் கார்ட்டர்ங்கற தொல்லியல் ஆய்வாளர் கண்டுபிடிச்சாரு இல்ல, அதுல கிடைச்ச ஒரு மார்புப் பதக்கத்து நடுவுல மஞ்சள் கலந்த பச்சையில ஒரு வண்டு இருக்கு. அவர் அதை சாதாரண மணிக்கல்லுன்னு நினைச்சாரு. 1990-கள்ல சோதிச்சுப் பாத்தா அது பாலைவனத்துல கிடைக்கற இயற்கைக் கண்ணாடி, சுமார் 2.9 கோடி வருஷத்துக்கு முன்னாடி விண்கல் சூட்டுல மணல் உருகி உண்டானது!

கேள்வி: நிஜமாவே வண்டு தானா பிறக்குமா? (4-ம் வகுப்பு மாணவன், ஆரணி)

பதில்: இல்லடா செல்லம். அம்மா வண்டு மண்ணுக்கடியில சாணியை பேரிக்காய் வடிவத்துல செஞ்சு உள்ள ஒரு முட்டை வைக்கும், புழு அதையே தின்னு வளர்ந்து வண்டாகி வரும். உள்ள நடக்கறது கண்ணுக்குத் தெரியாததால தானா பிறக்குதுன்னு நினைச்சுட்டாங்க.

கேள்வி: நானே ஒண்ணு செய்யலாமா? (5-ம் வகுப்பு மாணவி, சேலம்)

பதில்: தாராளமா. குளியல் சோப்புல ஐஸ் குச்சியால செதுக்கு, கத்தி வேணாம். மேல தலை, நடுவுல கோடு போட்டு ரெண்டு இறக்கை, ரெண்டு பக்கமும் காலு. அடியில உன் பேரை எழுதறப்ப கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி எழுது, அப்பதான் களிமண்ல அழுத்தினா நேரா விழும்.