தில்லியின் இலவமரங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்து ஆர்.கே.புரம் குடியிருப்பில் இருக்கிறோம். மலை மந்திருக்குப் போகும் வழியில் இரண்டு இலவமரங்கள் நிற்கின்றன. இங்கே செமல் என்கிறார்கள். மாசியில் ஒன்று உச்சிவரை சிவந்து நின்றபோது பக்கத்து மரத்தில் பழைய இலைகூட முழுதாக உதிரவில்லை. அதற்கு ஏதாவது நோயா? பூத்த நாளெல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றைப் பார்த்து எதுவும் விளங்கவில்லை. பருவநிலை மாறுகிறது என்கிறார்களே, அதை இந்த மரங்களில் கண்டுகொள்ள முடியுமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

ம.,
புது தில்லி

அன்புள்ள ம.,

நோய் இல்லை. ஒரே தெருவில் நிற்கும் இரண்டு இலவமரங்கள் முன்பின்னாகப் பூப்பது வழக்கம்தான். விதை வேறு, வயது வேறு, வேருக்குக் கிடைக்கும் நீரும் வேறு. பக்கத்தில் விளக்குக் கம்பம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு வெளிச்சம் பல மரங்களில் இலையுதிர்வைத் தள்ளிப்போடும். இந்த ஆண்டு முந்திக்கொண்ட மரமே அடுத்த ஆண்டும் முந்துகிறதா என்பதுதான் சுவாரசியமான கேள்வி. அதற்கு அடுத்த மாசி வரை பொறுக்க வேண்டும்.

படங்களைப் பார்த்து எதுவும் விளங்காததற்குக் காரணம், எல்லாமே பூத்த நாட்களின் படங்கள். அந்தச் சில வாரங்களை யாரும் தவறவிடுவதில்லை. தையில், குளிரில் மொட்டையாக நிற்கிறதே, அப்போது அண்ணாந்து பாருங்கள். நுனிக் கிளைகளில் கருத்த மொட்டுகள் சுண்டைக்காய் போலத் திரண்டிருக்கும். எந்த வாரம், எந்தப் பக்கத்துக் கிளையில் என்று எழுதுங்கள். மாசியில் பூ. பங்குனியில் பூ உதிர்ந்து ஓயும்போது தளிர் வரத் தொடங்கும். தில்லியில் அப்போது மழைக்காலம் வெகுதூரத்தில் இருக்கிறது, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் தளிர்க்கிறது. தீக்குச்சி செய்ய உதவும் அந்த மென்மையான அடிமரம் நீரைச் சேர்த்துவைக்கக்கூடியது. சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளிக்காக நம்மூரில் பரிதாபப்படுகிறோம். தில்லிக் கிளிகள் அவ்வளவு காத்திருப்பதில்லை, பூவிலேயே வாய் வைத்துவிடுகின்றன.

தரையையும் பாருங்கள். விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் கனம் தெரியும். தோல் போலத் தடித்த ஐந்து இதழ்கள், நடுவே கற்றை கற்றையாக மகரந்தத் தாள்கள், அடியில் ஒரு பச்சைக் கிண்ணம். திருப்பிப் பிடித்து அந்தக் கிண்ணத்தின் அடியைக் கவனியுங்கள். ஓட்டை இருந்தால் சூலகம் கிளையிலேயே தங்கிவிட்டது, அது காயாக வாய்ப்புண்டு. சூலகமும் உள்ளேயே இருந்தால் அந்தப் பூவின் கதை அவ்வளவுதான். வாரம் ஒரு கைப்பிடி பொறுக்கி இப்படிப் பிரித்துப் பார்த்தால், எத்தனை படம் எடுத்தாலும் தெரியாத ஒன்று தெரியவரும்.

அகநானூற்றின் 11ஆம் பாடலில் ஔவையார் ‘இலையில மலர்ந்த முகையில் இலவம்’ என்கிறார். பெண்கள் கூட்டமாக எடுத்த விளக்கு வரிசை போல என்ற உவமை அடுத்துத்தான் வருகிறது. இலை இல்லை, மொட்டும் மிச்சமில்லை என்று மரம் நிற்கும் நிலையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறார். உங்கள் நோட்டிலும் இந்த வரிசை போதும்: இலை, மொட்டு, பூ, பிறகு காய். வர்ணனை வேண்டாம். சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டமும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பார்த்து, ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதிய வேண்டும். ‘இல்லை’ என்று எழுதச் சோம்பல்படாதீர்கள். போன வாரம் இல்லை என்று எழுதியிருந்தால்தான் இந்த வாரம் பார்த்ததை முதல் பூ என்று சொல்ல முடியும். தமிழ் மாதங்களை நம் வசதிக்காகச் சொன்னேன். நோட்டில் ஆங்கிலத் தேதியே இருக்கட்டும்.

பருவநிலை மாற்றத்தை ஒரு மரத்தின் ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. ‘செமல் இந்த முறை சீக்கிரமே பூத்துவிட்டது’ என்று வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால், எந்தத் தேதியைவிடச் சீக்கிரம் என்று கேளுங்கள். கியோட்டோவில் செர்ரி மலர்ச்சி 2021இல் மார்ச் 26 அன்று உச்சத்தை எட்டியபோது, 1,200 ஆண்டுகளில் இதுவே முந்தியது என்றார்கள். அங்கே 9ஆம் நூற்றாண்டு முதல் அரசவைக் குறிப்புகளிலும் நாட்குறிப்புகளிலும் பூ பார்த்த தேதிகள் இருக்கின்றன; அதனால் அப்படிச் சொல்ல முடிந்தது. உங்கள் இரண்டு மரங்களுக்கு அப்படியொரு கணக்கை நீங்கள்தான் தொடங்க வேண்டும். அடுத்த மாற்றல் வரும்போது, வீட்டுச் சாவியோடு நோட்டையும் புதிதாகக் குடிவருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது படத்தில் இருப்பது இலவம் அல்ல, கல்யாண முருங்கை. இரண்டும் முள்மரங்கள், இரண்டும் மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூப்பவை. எட்ட நின்று பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். இலவம்பூ அகன்று விரியும். கல்யாண முருங்கையின் பூக்கள் ஒடுங்கி வளைந்து குலையாக நிற்கும். தளிர் வந்ததும் சந்தேகமே இருக்காது. இலவத்துக்கு ஒரு காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், இதற்கு மூன்று. இதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இலை பறித்து அடை தட்டினால் அந்த வாரக் கணக்கில் அதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் தானாக உதிர்த்ததாகிவிடும்.