ஏலத்துக்கு வந்திருப்பது எங்கள் அம்மனா?

கேள்வி: இலங்கையில் திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிப் பக்கம் எங்கள் கோயில். 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்தபோது எழுந்தருளி அம்மனை, அதாவது திருவிழாவில் வீதியுலா வரும் உலோக விக்கிரகத்தை, கொண்டுபோக முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அடிப்பீடம் மட்டும் கிடந்தது. இப்போது வெளிநாட்டு ஏலம் ஒன்றில் அதே அம்மன் நிற்பதாக லண்டனிலிருந்து மருமகன் படம் அனுப்பியிருக்கிறார். எங்களுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது?

பதில்: விற்பவருக்கு இப்போதே கடிதம் எழுத வேண்டாம். கேள்வி போனதும் படம் மறைந்துவிடுவது உண்டு. ஏலப் பக்கத்தை முழுதாகச் சேமியுங்கள். ஏல எண், உயரம், முன்பு யாரிடம் இருந்தது என்று சொல்லும் வரி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அந்த வரியைத்தான் நான் முதலில் படிப்பேன். கலாசாரச் சொத்துகளைக் கடத்துவதற்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. அதனால் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போனதுபோலக் காட்ட, 'அறுபதுகளிலிருந்து ஒரு குடும்பத்திடம் இருந்தது' என்று எழுதிவிட்டால் விற்பது சுலபம். தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியபோதும், சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகக் காகிதம் காட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய படமோ அதே நடராசர் 1994-இலும் கோயிலில் நின்றதைக் காட்டியது. 2014-இல் அவர் திரும்பி வந்தார். உங்களிடம் 1985-ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருந்தாலே அறுபதுகளின் கதை உடைந்துவிடும்.

ஆனால் எந்தப் படம் என்பதில் கவனம் வேண்டும். திருவிழா அல்பத்தில் பட்டும் மாலையும்தான் தெரியும், அம்மன் தெரியமாட்டார். அபிஷேக நேரத்தில் எடுத்ததைத் தேடுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் கல்யாண அல்பங்களையும் விடாதீர்கள். பழைய ஸ்டூடியோ நெகட்டிவ் கிடைத்தால் துடைக்காமல் ஸ்கான் செய்யக் கொடுங்கள்.

படம் கிடைத்ததும் முகத்தை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே இலக்கணத்தில் வார்த்த அம்மன்கள் எல்லாம் சாடையில் அக்கா தங்கைகள்தான். பழுதைப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுக்கிறார்கள். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று வராது. சுண்டுவிரல் நுனி ஒடிந்திருந்ததா? சந்தனம் தேய்த்துத் தேய்த்து மூக்கு மழுங்கியிருந்ததா? பூசை செய்த குருக்களையும் சுவாமி தூக்கியவர்களையும் கேளுங்கள். ஏலப் படத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். அவர்கள் நினைவிலிருந்து சொல்வதைச் சத்தியக்கடதாசியாக (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலமாக) எழுதி வாங்கிய பிறகு காட்டுங்கள்.

அப்புறம் பொலிஸில் முறைப்பாடு. முப்பது வருடம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். திருட்டுப்போன கலைப்பொருட்களுக்கென்று சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்டர்போல் வைத்திருக்கும் பட்டியலில் தனியாள் பதிய முடியாது, நாட்டின் பொலிஸ் வழியாகத்தான் போக வேண்டும். தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுதுங்கள். இலங்கையின் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளை உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் அம்மன் அந்த வகையில் வருகிறாரா, உரிமம் கொடுக்கப்பட்டதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். போர்த்துக்கேயர் இடித்த திருகோணமலைக் கோணேசர் கோயிலின் விக்கிரகங்கள் சில 1950-இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ஒளித்து வைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை. ஓடுகிற அவசரத்தில் உங்கள் ஊரிலும் யாராவது புதைத்திருக்கலாம். வயதானவர்களிடம் விசாரியுங்கள்.

சரி, மிச்சமிருக்கும் அந்த அடிப்பீடம் எங்கே? அதை மினுக்கவோ வேறு விக்கிரகத்துக்குக் கொடுக்கவோ வேண்டாம். அம்மனின் கீழ்முனை இறங்கி உட்கார்ந்த குழி அதில் இருக்கும். நகை செய்யும் பத்தர் ஒருவரைக் கூப்பிட்டு, அந்தக் குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீற்றர் கணக்கில் அளந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். ஏலத்தில் நிற்கும் அம்மனின் அடிப்பக்க அளவை அதிகாரிகள் வழியாகக் கேட்டு வாங்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அது உங்கள் கையில் இருக்கும்.