மார்கழிக் காசும் மாசிச் செலவும்

வாசகர் கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான்: வருசம் முடியுது, ஏதாவது நல்லது செய்யவேணும், ஆருக்குக் குடுக்கிறது? நான் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது மட்டக்களப்பில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொருளாளராக ரசீதுப் புத்தகத்தோடு திரிகிறேன். அதனால் என் பதில்களில் பக்கச்சார்பு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து 60,000 ரூபா சேர்த்திருக்கிறோம். டிசம்பர் 26, சுனாமி நினைவு நாளில், ஒரு சிறுவர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்து, பிள்ளைகளோடு ஒரு படமும் எடுக்க விருப்பம். எந்த இல்லம் நல்லது?
*- வாசகி, களுவாஞ்சிகுடி*

தங்கச்சி, அந்த வாரத்தில் எந்த இல்லத்துச் சமையலறைக்குள்ளும் போய்ப் பாருங்கள். 24ஆம் திகதி யாரோ கொண்டுவந்த கேக். 25இல் பிரியாணி. 26இல் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் டச்பாரிலும் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்களின் சாப்பாடு. 31இல் லீவுக்கு வந்த வெளிநாட்டுக்காரரின் பிரியாணி, மறுகா கேக். 26ஆம் திகதிச் சோற்றை நான் குறை சொல்லவே மாட்டேன். 2004இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் இன்னொரு பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் ஒரு அலுவலகமாகப் போகிறீர்கள். அந்த நாளை, அது யாருடைய நாளோ அவர்களுக்கு விடுங்கள். பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையை ஒருவரும் வந்து பதிவதில்லை. அது உங்களுக்காகக் காலியாகவே கிடக்கிறது.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும். பாடப்புத்தகம் அரசாங்கம் தரும், சீருடைத் துணியும் தரும். தையல் கூலி தராது. முப்பது பிள்ளைகள் உள்ள இல்லத்தில் தையல் கூலி என்ன வரும் என்று உங்கள் பக்கத்துத் தையல்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் அப்பியாசக் கொப்பி, புத்தகப் பை, கணித உபகரணப் பெட்டி. சப்பாத்துக்குச் சில பாடசாலைகளில் வவுச்சர் கிடைக்கும், சிலதில் கிடைக்காது. பெரிய பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் வேண்டிய மாதவிடாய்ப் பாட் பற்றி, கொடுக்க வருகிற ஆண்கள் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் பெண்கள், நீங்களாவது கேளுங்கள். யாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதும் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேற்றனுக்குத்தான் தெரியும்.

என் யோசனை இது: 30,000 ரூபாவைப் பள்ளி தொடங்க முதல் தையலுக்கும் கொப்பிக்கும் கொடுங்கள். மிச்சத்தைப் பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கரண்ட் பில்லுக்குக் கட்டுங்கள். கரண்ட் பில்லோடு நின்று படம் எடுக்க முடியாதுதான்.

படம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த இல்லங்கள் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருப்பவை. பிள்ளைகளைப் படம் பிடித்து முகநூலில் போடுவது உங்கள் விருப்பமும் இல்லை, மேற்றனின் விருப்பமும் இல்லை. அங்கே இருக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, பிரிவு, மத்திய கிழக்கு வேலை என்று காரணங்கள் பல. உங்கள் படத்தை அந்தப் பிள்ளையோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளையின் வீட்டிலும் பார்ப்பார்கள். அடுத்த நாள் வகுப்புக்குள் போகப்போவது அந்தப் பிள்ளைதான்.

இல்லத்தின் பெயரை நான் சொல்ல மாட்டேன். உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். எங்கே எதற்கு முட்டுப்பாடு என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளம் வந்தால் கொடுக்கலாம் என்று பழைய உடுப்பு நாலு பேக் கட்டி வைத்திருக்கிறேன். எங்கே ஒப்படைப்பது?
*- வாசகர், கல்முனை*

அதில் எதை உடுத்திக்கொண்டு நீங்கள் நாளைக்குக் கல்முனைச் சந்தைக்குப் போவீர்கள்? அதை மட்டும் தோய்த்து, மடித்து, அளவு எழுதி வையுங்கள். மற்றது நிலம் துடைக்க உதவும். சுனாமிக்குப் பிறகு றோட்டோரம் மழையில் ஊறிக் கிடந்த உடுப்புக் குவியல்களை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் வந்து தங்குகிற சனத்துக்கு முதல் தேவை பாய், பெட்சீட், புது உள்ளாடை, சவர்க்காரம், ஒரு சாரம். இவற்றையும் கிராம சேவகரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் மண்டூரைச் சேர்ந்தவன். ஒவ்வொரு டிசம்பரும் ஊரில் உள்ள ஒரு இல்லத்துக்கு 1,000 டொலர் அனுப்புகிறேன். அவர்கள் தரும் ரசீதைக் காட்டி இங்கே வரிச் சலுகை எடுக்கலாமா? இன்னொன்று: நிர்வாகச் செலவுக்கு எத்தனை வீதம் போகிறது என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. கேட்பது பிழையா?
*- வாசகர், ரொறன்ரோ*

முதலாவதுக்குப் பதில், முடியாது. கனடாவில் பதிவுசெய்த அறக்கொடை நிறுவனம் தரும் ரசீதுக்குத்தான் அங்கே சலுகை. மண்டூர்க் கடிதத் தலைப்பில் எழுதின ரசீது உங்கள் மனத்திருப்திக்கு மட்டும் உதவும். சலுகை வேண்டுமென்றால், இங்கே வேலை செய்கிற, அங்கே பதிவுள்ள அமைப்பு ஒன்றின் மூலம் அனுப்புங்கள். அதற்கு உங்கள் கடைசித் திகதி டிசம்பர் 31.

பிரித்தானியாவில் இருந்தும் இதையே கேட்டிருக்கிறார்கள். அங்கே வரியாண்டு ஏப்ரல் 5 வரை. வரி கட்டுகிறவர் அங்கே பதிவான அமைப்புக்கு ‘கிவ்ட் எய்ட்’ படிவத்தோடு கொடுத்தால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து அந்த அமைப்புக்குச் சேரும். இலங்கையில் வரி கட்டுகிறவர்களுக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தருமநிலையத்துக்குப் பணமாகக் கொடுப்பதில் 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். எங்கள் ஊர் இல்லங்களில் அந்த அங்கீகாரம் உள்ளவை அதிகமில்லை, ஆகவே கேட்டுவிட்டுக் கொடுங்கள். டிசம்பர் 31க்காக ஓடி ஓடிக் காசு அனுப்ப வேண்டியது உங்களைப் போன்ற கனடாக்காரர்தான். மற்றவர்கள் ஆறுதலாக அனுப்பலாம்.

இரண்டாவது கேள்வியைக் கேட்பதில் பிழையில்லை, கோபிப்பதுதான் பிழை. ஆனால் வீதத்தை வைத்து என்ன தீர்ப்புச் சொல்லப்போகிறீர்கள்? எங்கள் இல்லத்தில் சமைக்கிற அக்காவுக்குச் சம்பளம் இருக்கிறது. அந்தச் சம்பளத்தின் மேல் நாங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு (இ.பி.எவ்) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறோம். இராத்திரியில் படுக்கையில் கிடக்கிற ஐயாமாருக்குப் பம்பர்ஸ் மாற்றுகிற பிள்ளைக்கும் அப்படித்தான். இதெல்லாம் கணக்கில் ‘நிர்வாகம்’ என்ற தலைப்பின் கீழ் வரும். “எங்களிடம் நிர்வாகச் செலவு பூச்சியம்” என்று பெருமையாகச் சொல்கிற இடத்தில் நான் கேட்பது ஒன்றுதான்: அப்படியென்றால் சமைக்கிறவளின் இ.பி.எவ்வை யார் கட்டுகிறார்கள்? அனேகமாக ஒருவரும் கட்டுவதில்லை.

உங்களுக்குச் சொல்ல இன்னும் இரண்டு இருக்கிறது. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுகிற உண்டியலில் அனுப்பாதீர்கள். இல்லத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பினால்தான் கணக்காய்வில் அந்தக் காசு உயிரோடு இருக்கும். அடுத்தது, ஆயிரத்தையும் டிசம்பரில் கொட்டாமல், உங்கள் வரிக்கு இடைஞ்சல் இல்லாத விதத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 250 ஆக அனுப்புங்கள். மார்கழியில் வருகிற காசு தையிலேயே கரைந்துவிடும். மாசிச் செலவு தனியாக வந்து வாசலில் நிற்கும்.

முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, நோயாளி ஒருவரின் படத்தோடு காசு சேர்க்கிறார்கள். முகநூலிலும் கணக்கு இலக்கம் போடுகிறார்கள். எது உண்மை என்று எப்படி அறிவது?
*- வாசகி, வாழைச்சேனை*

நோயாளிக்கான சேகரிப்பு என்றால் வைத்தியசாலைக் கடிதத்தைக் கேளுங்கள். தனியார் வைத்தியசாலை என்றால் காசை நேரே அங்கேயே கட்டலாமா என்று கேளுங்கள். உண்மையான ஆள் என்றால் சந்தோசப்படுவார்.

அமைப்பு என்றால், தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் போன்றவை பிரதேச செயலகத்தோடு பதிவாகியிருக்கும். பதிவு இலக்கத்தைக் கேட்டு, செயலகத்தில் ஒருதரம் விசாரியுங்கள். ஆனால் பதிவுப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவைத்து, உள்ளே ஒன்றும் நடக்காத சங்கங்களையும் என் உத்தியோக காலத்தில் நிறையப் பார்த்தேன். நான் நம்புகிற கேள்வி வேறு: “கடைசியாக எப்போது ஆண்டுப் பொதுக்கூட்டம் வைத்தீர்கள், கணக்கறிக்கையை யார் வாசித்தார்கள்?” திகதியும் பெயரும் உடனே வந்தால் சங்கம் உயிரோடு இருக்கிறது. “அது தலைவரிடம்தான் கேட்கவேணும்” என்றால் சேலைத் தலைப்பில் முடிந்த காசை அவிழ்க்காதீர்கள்.

ஊர் மரண உதவிச் சங்கத்தைப் பற்றியும் யோசியுங்கள். கதிரை, தகரப் பந்தல், பாத்திரம் எல்லாம் வைத்திருந்து செத்த வீட்டுக்கு முதல் ஓடிவருவது அதுதான். வருசக் கடைசியில் அதற்கு நன்கொடை கொடுத்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் ஸக்காத் (கடமையான தருமம்) கணக்குப் பார்ப்பது றமழானில். டிசம்பரில் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்லவும் மனமில்லை.
*- வாசகர், அக்கரைப்பற்று*

ஸக்காத் யாருக்குச் சேரவேணும் என்பதில் நான் வாய் வைக்க மாட்டேன். உரித்துள்ள எட்டு வகையினரைக் குர்ஆனே சொல்லியிருக்கிறது, அதை உங்கள் பள்ளிவாசலில் கேளுங்கள். விரும்பிக் கொடுக்கிற ஸதகாவுக்கு மாதக் கணக்கு இல்லை. தவிர, றமழான் வருசா வருசம் பதினொரு நாள் போல முன்னுக்கு வருகிறது. 2030இல் ஜனவரியிலும் வரும், டிசம்பரிலும் வரும். அப்போது உங்கள் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும்.

சம்மாந்துறையில் என்னோடு வேலை செய்த ஒரு நாநா, நெல்லுக்கான ஸக்காத் வெட்டின கையோடு கொடுப்பது என்று சொல்லித் தந்தார். எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்தது. எங்கள் விவசாயிக்கு டிசம்பர் வருசக் கடைசியே இல்லை. பெரும்போகம் விதைத்து, உரத்துக்குக் கடன்பட்டு, வயலுக்குள் தண்ணீர் நிற்கிற நேரம் அது. வெட்டு முடிவது மாசி, பங்குனியில். வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் உள்ளவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: இப்போது கையைக் கடித்துக்கொண்டு கொடுக்க வேண்டாம், வெட்டின பிறகு ஒரு மூடை நெல் ஏற்றி விடுங்கள். முதியோர் இல்லத்துக்கு ஒரு மூடை நெல் என்பது பல நாள் சோறு.

நான் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன். கொடுக்கக் காசில்லை, நேரம் இருக்கிறது. விடுமுறையில் மூன்று வாரம் ஒரு பின்தங்கிய ஊரில் ஆங்கிலம் படிப்பிக்கலாமா?
*- வாசகர், செங்கலடி*

தம்பி, மூன்று வாரத்தில் பிள்ளைகள் உங்களை ‘சேர்’ என்று பழகிவிடும். நாலாவது வாரம் நீங்கள் இல்லை. அப்படி வந்து போனவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஒரு வருசத்துக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை வர முடியுமென்றால் படிப்பியுங்கள். வாவியைக் கடக்கிற மிதவையான ‘பாதை’யில் குருமண்வெளியில் ஏறி மண்டூருக்கும், குருக்கள்மடத்தில் ஏறி அம்பிளாந்துறைக்கும் போகலாம். மழை நாளில் பாதை ஓடாத சனிக்கிழமையும் வரும், அதை முதலிலேயே அதிபரோடு கதைத்துவையுங்கள்.

விடுமுறையில் மட்டும்தான் நேரமென்றால் தொடங்கி முடிக்கக்கூடிய வேலையை எடுங்கள். எங்களைப் போன்ற இல்லங்களில் பத்து வருசக் கணக்குப் புத்தகம் கரையான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றித் தர ஆளில்லை. போதனா வைத்தியசாலைக்கு விடியப்புறம் போய் ஒரு அம்மாவின் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பது இன்னொன்று. படுக்கையில் இருக்கிற ஆளோடு ஒரு ஊழியர் போனால், அன்றைக்கு இல்லத்தில் மற்ற எல்லோருக்கும் ஒரு ஆள் குறையும். நீங்கள் போனால் குறையாது.

உங்கள் விடுமுறை மழைக்குள் வருகிறதென்றால் கிணற்று வேலை இருக்கும். கிரான் - புலிபாய்ந்தகல் றோட்டை வெள்ளம் மூடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெள்ளத்துக்குள் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோக வள்ளம் நிறைய ஆட்கள் வருவார்கள். தண்ணீர் வற்றின பிறகு, சேறு ஏறின கிணற்றைத் துப்புரவாக்க ஒருவரையும் காணக் கிடைக்காது. ஆனால் வாளியோடு நீங்களாகப் போய் இறைக்கத் தொடங்காதீர்கள். நிலம் ஊறியிருக்கும்போது இறைத்தால் கிணற்றுக் கட்டு இடியலாம். கரையோர மணலில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறும், சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை படித்த பாடம் அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். எப்போது இறைப்பது, எவ்வளவு குளோரின் போடுவது, எத்தனை நாளுக்குப் பிறகு குடிப்பது என்று அவர் சொல்வார். நண்பர்கள் ஆறேழு பேரையும் கூட்டிக்கொண்டு அவரோடு போங்கள்.

இதற்கும் நேரமில்லை என்றால் இரத்தம் கொடுங்கள். பதினெட்டு வயது தாண்டி, உடம்பில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லாமல் இருந்தால், நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடையாள அட்டையையும் மறக்க வேண்டாம்.