முதலில் வளையம், பிறகு அட்டை

கேள்வி: என் அப்பா சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால்தலைகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பழைய ஆல்பங்கள் நைந்துவிட்டன. கடையில் ஒரு பெரிய பைண்டர் பார்த்தேன். மெரூன் நிற ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து, உள்ளே பிளாஸ்டிக் உறைகளாக நூறு பக்கம். வாங்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மெரூன் ரெக்சின், தங்க எழுத்து என்று படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே மாதிரி ஒன்றை நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். தபால்தலைகளைச் செருகி, பீரோவில் படுக்கப் போட்டு, மேலே நாலு புத்தகத்தையும் அடுக்கினேன். மழைக்காலம் முடிந்து திறந்தால், 1948-ல் சுவிட்சர்லாந்தில் அச்சாகி வந்த காந்தி 12 அணா, உறையோடு ஒட்டிக் கிடந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்தேன். ‘சர்ர்’ என்று ஓர் ஓசை. தபால்தலை வந்துவிட்டது, பசையில் பாதி பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிட்டது. முன்பக்கத்தைத் தொட்டால் வடை மடித்த காகிதம்போல் பிசுக்கு.

படுக்கப் போட்டது என் தவறு. பிசுக்கு, பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறையின் வேலை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, துவள வேண்டும் என்பதற்காக அதில் ‘இளக்கி’ என்ற மென்மையாக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். அது நாளடைவில் கசிந்து காகிதத்திலும் மையிலும் ஊறிவிடும். ஆகவே கடையில் கூச்சப்படாமல் உறையை முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலின் உறைகள் பாதுகாப்பானவை. தாள் பக்கம் என்றால் அமிலமற்ற தாளா என்று கேளுங்கள்.

அடுத்து, பக்கங்களைக் கோத்து நிறுத்தும் வளையம். முழு வட்ட வளையத்தில் பக்கங்கள் முதுகுப்பக்கம் வளைந்து நசுங்கும். ஆங்கில ‘டி’ வடிவ வளையம் என்றால் தட்டையாக அடுக்கி நிற்கும். வளையத்தை மூடி டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். இணைப்பில் வெளிச்சம் கசிந்தால், பக்கம் புரட்டும்போதெல்லாம் அங்கே சிக்கிக் கிழியும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு மட்டமான முலாம் தாங்காது. துரு முதலில் துளைகளைச் சுற்றித்தான் இறங்கும்.

நூறு பக்கம் வேண்டவே வேண்டாம். நிரம்பிய பிறகு அதை ஒரு கையால் தூக்க முடியாது. கனம் முழுவதும் வளையத்தில் தொங்கும். முப்பது, நாற்பது பக்கத்தில் மூன்று வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் அட்டைக்கூடு இருந்தால் தூசி அண்டாது, நிற்கவைக்கவும் வசதி. நெருக்கிச் செருகாமல் அலமாரியில் புத்தகம்போல் நிறுத்துங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது, ஈரம் இறங்கும்.

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே கறுப்புப் பக்கம் போட்டுப் பாருங்கள். பழைய தபால்தலைகளின் பல் விளிம்புகூட எடுப்பாகத் தெரியும். வெளியே நல்ல காலிகோ துணி அட்டை எனக்குப் பிடிக்கும். கஞ்சிப்பசையில் ஒட்டியதா என்று மட்டும் விசாரியுங்கள், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. தங்க எழுத்து ஆசை விடவில்லையென்றால், பைண்டிங் கடையில் கொடுத்து முதுகில் அப்பாவின் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒட்டும் பக்கங்கள் கொண்ட புகைப்பட ஆல்பம் ஒன்று காலியாக இருக்கிறது. தபால்தலைகளை அதில் வைக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கூடாது. எங்கள் கல்யாணப் படத்தையே அதிலிருந்து பிரிக்க முடியாமல் கிழித்துவிட்டு, ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறேன்.